வாடகைக்கு ஒரு சர்க்கார் வீடு

வீட்டைப் பற்றி நமது சர்க்காரும் ஜனங்களும் காணும் கனவு ஒன்றேதான். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமாக ஒரு வீடு இருக்க வேண்டும், அதற்குப் பட்டா இருக்க வேண்டும், பெற்றோருக்குப் பின் அது பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அது. அந்தக் கனவைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆயினும், பல்லடத்திலிருந்து திருப்பூர் செல்லும் சாலையில் அருள்புரம் முதல் வீரபாண்டி வரையிலும், சற்றே உள்ளொதுங்கிய கரைப்புதூரிலும் கணபதிபாளையத்திலும், ஷிப்டு முடிந்து பனியன் கம்பெனிகளிலிருந்து கலைந்து செல்லும் தொழிலாளிகள் இரவில் தலைசாய்க்கும் இடம் எது என்று விசாரித்தால், பெரும்பாலோருக்கு அது சொந்த வீடுமன்று, சர்க்கார் கட்டிக் கொடுத்த வீடுமன்று. ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டோ பத்தோ அறைகளும், கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பறையும் கொண்ட லைன் வீடு என்பது தெரியவரும். பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும், இந்தத் தொழில் வட்டாரத்தின் மெய்யான வீட்டுவசதி வாரியம் லைன் வீட்டுக்காரர்கள்தாம்.

இங்கே வாடகைக்குக் குடியிருப்போரிடம், உங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும், யாருடைய வீடாக அது இருக்க வேண்டும் என்று முறைப்படி கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. வீட்டுத் திட்டங்கள் சென்னையிலும் டில்லியிலும் வகுக்கப்படுகின்றன. பயனாளிகளின் பட்டியல் ஆட்சியர் அலுவலகத்தில் தயாராகிறது. சாவி கொடுக்கும் வைபவத்தில்தான் குடியிருக்கப் போகிறவர் முதன்முதலாக மேடைக்கு வருகிறார். இந்த முறையை மாற்ற வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நகராட்சியோ வாரியமோ தன் உடைமையாகவே வைத்துக்கொண்டு நியாயமான வாடகைக்கு விடும் வீடுகள் இவ்வட்டாரத்துக்கு வேண்டும். அந்த வீடுகளின் எதிர்காலத்தைப் பற்றிய எந்த முடிவும் அவற்றில் குடியிருப்போரின் சம்மதமின்றி எடுக்கப்படலாகாது.

முதலில் இப்போதுள்ள நிலைமையைப் பார்ப்போம். லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் உண்டு, வாடகை உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் என்பது அபூர்வம். கரண்ட் பில் தனி. வீட்டுக்காரர் பேருக்கு இருக்கும் ஒரே இணைப்பிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் துணை மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் விதிக்கும் தொகையைக் கட்ட வேண்டும். 2016-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்பதை எல்லோரும் அறிவோம். அந்தச் சலுகை தனி இணைப்பு இல்லாத இந்த அறைகளுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. போர்த் தண்ணீர் உப்பாக வரும். நல்ல தண்ணீர் வரும் நாளில் குடங்களுக்கு முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து உறவினர் வந்து இரண்டு நாள் தங்கினால், தண்ணீர் அதிகம் செலவாகிறது என்ற முணுமுணுப்பு எழும்.

இதைச் சொல்வதால் லைன் வீட்டுக்காரரைக் கொடியவராகச் சித்திரிக்கிறேன் என்று யாரும் கருத வேண்டாம். கிணறு வற்றிய தோட்டத்துக்காரரும், கூலிக்கு நெய்து கொடுத்துக் கட்டுப்படியாகாமல் தறிகளைப் பழைய இரும்பு விலைக்குப் போட்டுவிட்ட விசைத்தறிக்காரரும், கையிலிருந்ததைக் கொண்டும் கடன் வாங்கியும் எழுப்பிய லைன்கள் இவற்றில் பல. அந்த வாடகைதான் அவர்களுடைய முதுமைக்கு ஆதாரம். லட்சக்கணக்கான ஜனங்கள் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்தபோது சர்க்கார் செய்யத் தவறிய காரியத்தை அவர்கள் தங்கள் சக்திக்கு இயன்றவரை செய்தார்கள் என்பதும் வாஸ்தவமே. குறை தனிமனிதர்களின் சுபாவத்தில் இல்லை. போட்டிக்கு ஒரு பொது வீடு இல்லாத ஊரில், தனியார் வாடகை எதை அளவுகோலாகக் கொள்ளும் என்பதில் இருக்கிறது.

சட்டம் இல்லாமலும் இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 1960-இன் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால், வாரச் சம்பளம் வாங்கும் டெய்லரும் செக்கிங் வேலைக்குப் போகும் பெண்ணும் ஒப்பந்தத்தைப் பதியச் சொல்லி வீட்டுக்காரரிடம் வாதாடுவார்கள் என்று எதிர்பார்ப்பது, பசித்தவனைப் பந்தியின் ஒழுங்கைப் பற்றிப் பிரசங்கம் செய்யச் சொல்வதற்கு ஒப்பாகும். காலி செய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போக வேறிடம் உள்ளவனுக்கே சட்டம் துணை நிற்கும்.

இனி, சர்க்கார் பக்கம் வருவோம். பொதுச் செலவில் வீடு கட்டும் எண்ணம் நமக்குப் புதிதன்று. சென்னையில் நகர அபிவிருத்தி டிரஸ்டு 1947-லேயே தோன்றியது. 1952-இல் மத்திய சர்க்கார், ஆலைத் தொழிலாளிகளுக்கு மானியத்துடன் வாடகை வீடு கட்டும் திட்டத்தைத் தொடங்கிற்று. 1961-இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் உருவாயிற்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டு, மறு வருஷமே அதற்குரிய சட்டமும் இயற்றப்பட்டது. 2021-இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்ற பெயரைப் பெற்றது. இந்தச் சரித்திரத்தில் ஒரு திருப்பம் கவனத்துக்குரியது. ஆரம்ப காலத்தில் மாத வாடகை என்ற ஏற்பாடு இருந்தது. பின்னர் அது தவணைமுறைக் கிரயமாயிற்று. இன்று பயனாளி தம் பங்குத் தொகையைச் செலுத்தி வீட்டை ஏற்றுக்கொள்வது என்ற நிலைக்கு வந்து நிற்கிறது. வாடகைக்கு விடும் பொறுப்பிலிருந்து சர்க்கார் படிப்படியாகக் கையைக் கழுவிக்கொண்டது. அதைக் குறித்துக் குடியிருந்தோரின் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

திருப்பூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. 2021 பிப்ரவரி 25 அன்று பிரதம மந்திரி கோவைக்கு வந்தபோது திறந்து வைத்த குடியிருப்புகளில், வீரபாண்டியில் கட்டிய 1280 வீடுகளும் திருக்குமரன் நகரில் கட்டிய 1248 வீடுகளும் அடங்கும். நீரோடை ஓரத்திலும் புறம்போக்கிலும் அல்லற்பட்ட குடும்பங்களுக்கு இவை பெரிய அனுகூலம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை கட்டப்பட்ட பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தின் விதி, இந்தியாவில் எவ்விடத்திலும் கெட்டியான வீடு ஒன்று இல்லாத குடும்பமே பயனாளியாகலாம் என்கிறது. தேனிப் பக்கத்திலோ விருதுநகர்ப் பக்கத்திலோ அண்ணன் தம்பிகளோடு பங்குள்ள ஓர் ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு, இருபது வருஷமாக அருள்புரத்தில் வாடகை கொடுத்து வாழ்கிறவர் இந்த விதிக்குள் எங்கே வருவார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஓர் அறையில் ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் எங்கே வருவார்கள்? பங்குத் தொகையைத் திரட்டுவதற்காகக் கந்து வட்டிக்காரரிடம் போக அஞ்சுகிறவர் எங்கே போவார்? சொந்த வீட்டுத் திட்டம் எவ்வளவு தாராளமானதாக இருப்பினும், இவர்கள் அதற்கு வெளியிலேதான் நிற்பார்கள். ஏனெனில், இவர்களுக்கு வேண்டியது கிரயப் பத்திரமன்று.

வேண்டியது என்ன என்பதை இவர்களே சொல்லக் கேட்கலாம். லைன் வீடுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் பேச்சு ஏறக்குறைய இதுதான்: "சொந்தமா வேணும்னு இல்லீங்க. வருசா வருசம் ஏத்தாம இருந்தாப் போதுமுங்க. திடீர்னு காலி பண்ணுன்னு சொல்லாம இருந்தாப் போதுமுங்க." இந்த வேண்டுகோளில் பேராசை ஏதுமில்லை, பிழைப்பின் இயல்பை அறிந்த விவேகம் இருக்கிறது. பனியன் தொழிலில் வேலை என்பது ஆர்டரைப் பொறுத்தது. சாயக் கழிவினால் நொய்யல் ஆறு பாழான வழக்கில் 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, பட்டறைக்காரர் மட்டுமன்று, அவற்றை அண்டிப் பிழைத்த பல்லாயிரம் குடும்பங்கள் மூட்டை கட்டின. 2020-இல் கொரோனா முடக்கம் வந்தபோது, வட மாநிலத்தார் ரயிலுக்குக் காத்திராமல் நடக்கத் தலைப்பட்ட காட்சியைத் தேசமே கண்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின் மீதான வரியை 50 சதவிகிதமாக உயர்த்தியபோது, அந்நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கின. இப்படிப் பத்து வருஷத்துக்கு இரண்டு முறை அடிவாங்கும் தொழிலில் இருப்பவர், இருபது வருஷத் தவணைக்கு ஏன் தயங்குகிறார் என்பது பொருளாதார நிபுணர்கள் வந்து விளக்க வேண்டிய மர்மமன்று.

இன்னொன்றும் அவர்கள் சொல்வது: வீடு வேலைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கு ஷிப்டு முடியும் பெண்ணுக்கு, பஸ்ஸுக்குக் காத்திருந்து பத்து கிலோமீட்டர் போய் நான்காம் மாடி ஏற வேண்டிய சொந்த வீட்டைவிட, நடந்து போகும் தூரத்திலுள்ள வாடகை அறையே மேலானது. சென்னையில் கூவத்தின் கரையிலிருந்தும் அடையாற்றின் கரையிலிருந்தும் பெயர்க்கப்பட்டுக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்கள், கூரை கிடைத்து வேலையை இழந்த கதையை இரண்டு தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம், ஒருவனை அவன் வாழுமிடத்திலிருந்து அகற்றுவது அவனுடைய ஜீவனோபாயத்தையே பறிப்பதாகலாம் என்பதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தத்துவம் தீர்ப்பில் இருக்கிறது. நமது வீட்டுத் திட்டங்களின் வரைபடத்தில் இன்னும் ஏறவில்லை.

பொது உடைமையான வாடகை வீடு தொழிலாளிக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் தேசத்திலேயே நூறாண்டு அனுபவம் உண்டு. 1920-களில் பம்பாய் சர்க்கார், வொர்லி, நாய்காம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் ‘சால்’ எனப்படும் 207 அடுக்குக் குடியிருப்புகளைக் கட்டிற்று. ஒவ்வொன்றும் 160 சதுர அடியளவான ஒற்றை அறைகள். ஒவ்வொரு மாடியிலும் பொதுக் கழிப்பறை. குடிவந்தோரில் பஞ்சாலைத் தொழிலாளிகள் ஏராளம். அழகிலோ சௌகரியத்திலோ அவை சிறந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1982-இன் மகத்தான வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடி, ஆலை நிலங்களில் வானளாவிய மாளிகைகள் எழுந்தபோது, நகரின் நடுமையத்தில் அந்தக் குடும்பங்கள் நிலைத்து நின்றதற்குக் காரணம், அவர்கள் குடியிருந்தது சர்க்கார் வீடு, கொடுத்தது அற்ப வாடகை என்பதுதான். இன்று அந்தச் சால்களில் பெரும்பாலானவை இடித்துக் கட்டப்படுகின்றன. வாடகைதாரர் ஒவ்வொருவருக்கும் 500 சதுர அடி வீடு, அதே இடத்தில். 2025 ஆகஸ்டில் வொர்லியில் முதல் 556 குடும்பங்கள் சாவி பெற்றன. நிலம் பொதுவில் இருந்தது, குடியிருந்தோர் ஒன்றாகப் பேசினார்கள். இந்த இரண்டும் சேர்ந்ததனால் வந்த பலன் இது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த நிலம் என்னவாகியிருக்கும் என்பதை அடுத்துள்ள ஆலை நிலங்களே காட்டுகின்றன.

அயல்நாடுகளின் அனுபவமும் இரு திசையிலும் பாடம் சொல்கிறது. முதல் உலகயுத்தத்துக்குப் பிறகு தொழிலாளிகளுக்கு வாடகை வீடு கட்டத் தொடங்கிய வியன்னா நகரசபை, கட்டிய வீடுகளை விற்காமல் தானே வைத்துக்கொண்டது. இன்று சுமார் 2,20,000 வீடுகள் அதன் உடைமை. அந்த நகரத்தில் தனியார் வாடகையும் மட்டுப்பட்டிருப்பதற்கு இது முக்கியமான காரணமாகச் சொல்லப்படுகிறது. பிரிட்டனோ வேறு வழியே சென்றது. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்மூலம் நகரசபை வீடுகளைக் குடியிருந்தோருக்கே தள்ளுபடி விலையில் விற்கலாயிற்று. சுமார் இருபது லட்சம் வீடுகள் அவ்வாறு கைமாறின. வாங்கியவர்கள் நன்மையடைந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் விற்ற அளவுக்குப் புதிதாகக் கட்டப்படாமையால், அடுத்த தலைமுறை ஏழைக்கு வாடகை வீடு அருகிப் போயிற்று. விற்கப்பட்டவற்றில் கணிசமான வீடுகள் தனியார் கைக்குப் போய், அதே நகரசபையின் உதவிப் பணத்தைக் கொண்டு கூடுதல் வாடகைக்கு விடப்பட்டன. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் அந்த விற்பனை உரிமையை நிறுத்திவிட்டன.

அதே பிரிட்டனில் நாம் கற்கத்தக்க நல்ல மரபும் ஒன்று உண்டு. நகரசபை வீடுகள் முழுவதையும் வேறொரு சங்கத்துக்கு மாற்றுவதென்றால், குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 2002-இல் பர்மிங்ஹாம் நகரத்தில் வாக்களித்த குடியிருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் மாற்ற வேண்டாம் என்றார்கள். வீடுகள் நகரசபையிடமே இருந்தன. அதே ஆண்டில் கிளாஸ்கோவில் பெரும்பான்மையோர் மாற்றலாம் என்றார்கள்; வீடுகள் மாற்றப்பட்டன. எந்த ஊர் சரியாகத் தீர்மானித்தது என்ற விவாதம் நமக்கு வேண்டியதில்லை. வாடகை கொடுப்பவரும் ஒரு பிரஜை, தாம் வாழும் வீட்டின் எஜமானன் யார் என்பதில் அவருக்கும் ஒரு வாக்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்களே, அதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

நமது நகராட்சிகளிடம் ஏற்கெனவே வாடகைக் குடிகள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஊரின் குப்பையை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள்தாம் அவர்கள். பல ஊர்களில் அவர்களுக்கென்று கட்டப்பட்ட வரிசை வீடுகள் நகராட்சியின் சொத்து. அவற்றின் கதி யாவரும் அறிந்தது. ஓய்வுபெற்ற மறுமாதமே காலி செய்ய வேண்டுமோ என்ற அச்சத்தில் தகப்பன் இருக்கிறார். அந்த வீட்டில் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே மகனும் அதே துடைப்பத்தை ஏந்தும் அவலமும் உண்டு. ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்ட புதிய பணியாளர்களுக்கோ அந்த வீடும் இல்லை. வீட்டையும் வேலையையும் ஒரே முடிச்சில் கட்டுவதனால் விளையும் தீமை இது. பொது வீட்டில் குடியிருக்கும் உரிமை, வாடகையை ஒழுங்காகக் கொடுப்பதைப் பொறுத்ததாக இருக்க வேண்டுமேயன்றி, குறிப்பிட்ட உத்தியோகத்தைப் பொறுத்ததாக இருக்கலாகாது.

கம்பெனிகளே தங்குமிடம் கட்டட்டும் என்று சொல்வோருக்கும் இதுவே பதில். சர்க்கார் மனம் வைத்தால் பெரிய அளவில் தங்குமிடம் கட்ட முடியும் என்பதை, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட, 18,720 பேர் தங்கத்தக்க விடுதி நிரூபித்திருக்கிறது. பெண் தொழிலாளர்களுக்கு அது பெரும் வசதி. ஆயினும் அங்கே படுக்கை வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் படுக்கையும் போகும். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் விடுதிக்குள் இளம்பெண்களை மூன்று வருஷம் வைத்திருந்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன சுமங்கலித் திட்டம் எத்தனை கண்ணீருக்குக் காரணமாயிற்று என்பதை இவ்வட்டாரம் மறந்திருக்க முடியாது. சம்பளம் கொடுக்கும் கையிலேயே சாவியும் இருந்தால், தொழிலாளி வாய் திறந்து கூலி கேட்பது எப்படி? ஆகவே சாவி நகராட்சியின் கையில் இருப்பதே உசிதம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மழுப்பக் கூடாது. சர்க்கார் வீடு என்றாலே காரை பெயர்ந்த வீடு என்ற எண்ணம் ஜனங்களிடையே வேரூன்றியிருக்கிறது. அதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் பூச்சு விரலால் தொட்டதும் உதிர்ந்ததை மாநிலமே பார்த்தது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பழைய கட்டடத்தில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைக் கண்டு குடியிருந்தோர் முன்னதாகவே வெளியேறியதனால் உயிர்ச் சேதம் இல்லை. இந்தச் சம்பவத்தை நான் பொது வீட்டுக்கு எதிரான சாட்சியமாகக் கொள்ளவில்லை. குடியிருப்போரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்பதற்கான சாட்சியமாகவே கொள்கிறேன். கட்டடத்தின் நோயை முதலில் அறிபவர் அதில் உறங்குகிறவர். அவர் சொல்வதைப் பதிவு செய்யவும், குறிப்பிட்ட நாளுக்குள் பதில் சொல்லவும் கடமைப்பட்ட அமைப்பு ஒன்று இருந்தால், காரை உதிரும் கட்டத்திலேயே காரியம் நடக்கும்.

விற்றுவிட்டால் பராமரிப்புத் தொல்லை தீர்ந்தது என்பதும் அனுபவத்துக்கு ஒத்துவராத வாதம். கோவை சிங்காநல்லூரில் வீட்டுவசதி வாரியம் 1980-களில் கட்டி விற்ற 960 வீடுகளைப் பாருங்கள். சொந்தக்காரர்கள் ஆனார்கள், ஆனால் கட்டடம் சிதிலமடைந்தபோது, இடித்துக் கட்டுவது யார், எந்த நிபந்தனையில், அதுவரை எங்கே போவது என்ற தர்க்கம் பல ஆண்டுகள் நீண்டது. அடுக்குமாடியில் தனி வீட்டின் கிரயப் பத்திரம் கையிலிருந்தாலும், அஸ்திவாரமும் கூரையும் எல்லோருக்கும் பொது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று வழி வகுத்திருப்பது நல்லதே. சொந்தக்காரர்களுக்குச் சட்டம் தந்த அந்தச் சம்மத உரிமையை, பொது வீட்டில் வாடகை கொடுத்து வாழ்பவர்களுக்கும் தருவதில் என்ன நஷ்டம்?

வாடகை பாக்கி என்னாகும், அடுத்த தேர்தலில் தள்ளுபடி கேட்பார்களே, ஒருவர் பெயரில் வாங்கி உள்வாடகைக்கு விடுவார்களே என்பன அடுத்த ஆட்சேபங்கள். இவை உத்தியோகஸ்தர்களின் வெறும் கற்பனை அல்ல, நடந்தவையே. ஆனால் பாக்கி எதனால் விழுகிறது என்பதையும் ஆராய வேண்டும். மாதந்தோறும் கட்டிய பணம் எங்கே போயிற்று என்று தெரியாமல், ஒழுகும் குழாய் ஒழுகியபடியே இருக்கும் இடத்தில்தான் வாடகை கொடுக்கும் மனம் தளர்கிறது. தனியாரின் லைன் வீட்டில் முதல் தேதி தவறாமல் வாடகை கொடுத்துப் பழகிய ஜனங்கள் இவர்கள். கொடுக்கத் தெரியாதவர்கள் அல்லர். வசூலாகும் தொகை நகராட்சியின் பொதுக் கணக்கில் கரைந்து போகாமல், அந்தந்தக் குடியிருப்பின் பழுதுபார்ப்புக் கணக்கில் சேர்ந்து, வரவு செலவு வாசலில் எழுதி வைக்கப்பட்டால், பாக்கி வைப்பவரைப் பக்கத்து வீட்டார் கேட்பார்கள். வாழ்விட மேம்பாட்டு வாரியம் 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்ற பெயரில், குடியிருப்போர் சங்கங்கள் வசூலிக்கும் பராமரிப்புத் தொகைக்கு ஈடாகச் சர்க்காரும் ஒரு தொகை தரும் ஏற்பாட்டைச் செய்திருப்பது, இத்திசையில் வைத்த நல்ல அடி. பொறுப்பைத் தந்தவர்கள், அதனோடு கூடவே அதிகாரத்தையும் தர வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

பணத்துக்கு வழியில்லை என்ற சமாதானமும் இன்று செல்லாது. கொரோனாப் புலம்பெயர்வைக் கண்ட பிறகு, 2020 ஜூலையில் மத்திய சர்க்கார் தொழிலாளர்க்கு மலிவு வாடகைக் குடியிருப்புகள் என்ற திட்டத்தை அங்கீகரித்தது. 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டப் பிரதம மந்திரி நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்று மலிவு வாடகை வீடு. வாசல் திறந்திருக்கிறது, உள்ளே போக விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் நாம். திருப்பூர் வட்டாரத்துக்குக் கூட்டு முயற்சியும் புதிதன்று. குடிக்கவும் தொழிலுக்கும் நீர் போதாமல் தவித்த காலத்தில், சர்க்காரும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து ஒரு நிறுவனத்தை அமைத்து, ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஆற்றுநீரைக் குழாய்வழிக் கொண்டுவந்தார்கள். தொழிலுக்கு நீர் எவ்வளவு அத்தியாவசியமோ, அவ்வளவு அத்தியாவசியம் தொழிலாளிக்கு ஸ்திரமான வாசஸ்தலம். ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த ஆளும் நிலைப்பதில்லை என்று கம்பெனிக்காரர்கள் குறைப்படுவதற்கும் லைன் வீட்டு வாழ்க்கைக்கும் உள்ள சம்பந்தத்தை அவர்களே அறிவார்கள்.

இவ்வளவும் நியாயமாயிருந்தும் ஏன் நடக்கவில்லை? வாடகைக் குடியின் வாக்கு பெரும்பாலும் சொந்த ஊரில் இருக்கிறது என்பதே, வெளியே சொல்லப்படாத காரணம். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் ஊருக்குப் போகிறவரிடம் இங்குள்ள வார்டு கவுன்சிலர் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. லைன் வீட்டுக்காரரின் வாக்கோ இங்கேயே இருக்கிறது. குற்றம் எந்தக் கட்சியினுடையதும் அல்ல. வாக்குள்ள இடத்துக்குக் காது சாய்வது அரசியலின் சுபாவம். ஆகவே வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளதா என்று பாராமல், குடியிருக்கிறார் என்பதையே தகுதியாகக் கொண்டு பேச்சுரிமை தரும் ஒரு மேடை வேண்டும். 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி நகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் ஏற்பட்டிருக்கின்றன. கிராமங்களின் கிராம சபைக்கு இணையானவை என்று அவற்றைப் பெருமையாகச் சொல்கிறோம். பகுதி சபைக் கூட்டத்தை வேலை நாளில் பகலில் வைத்தால் லைன் வீட்டார் எப்படி வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை மாலையில், கம்பெனிகளுக்கு நடுவிலேயே ஓர் இடத்தில், தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்புச் செய்து கூட்டினால், அதுவரை கேட்காத விஷயங்கள் பல காதில் விழும்.

பல்லடம் நகராட்சியும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் திருப்பூர் மாநகராட்சியும் சேர்ந்து செய்யத்தக்கவை இவை. முதலாவதாக, இவ்வட்டாரத்து வாடகைக் குடிகளிடம் ஒரு முறையான விசாரணை நடத்தி, என்ன வாடகை கொடுக்கிறார்கள், எவ்வளவு தூரம் போகிறார்கள், எத்தகைய வீட்டை விரும்புகிறார்கள் என்பதை வெளியிட வேண்டும். இரண்டாவதாக, இனிமேல் இங்கே பொதுப்பணத்தில் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு பகுதியை விற்பனைக்கன்றி வாடகைக்கே ஒதுக்க வேண்டும். குடும்பத்துக்கும், தனித்து வாழும் பெண்களுக்கும், கூட்டாகத் தங்கும் இளைஞர்களுக்கும் தனித்தனி அமைப்பில் அவை இருக்க வேண்டும். மூன்றாவதாக, வாடகை ஏறும் விகிதத்தை முன்கூட்டியே எழுதி வைத்து, தனி மின்இணைப்பும் நல்ல தண்ணீர்க் குழாயும் ஒவ்வொரு வீட்டுக்கும் தர வேண்டும். நான்காவதாக, குடியிருப்போர் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும்; பழுதுபார்ப்புக் கணக்கு அக்குழுவின் பார்வையில் இருக்க வேண்டும். ஐந்தாவதும் முக்கியமானதும் இது: பொது வீடுகளை விற்பதாயினும், இடிப்பதாயினும், தனியார் நிர்வாகத்தில் ஒப்படைப்பதாயினும், குடியிருப்போரின் ரகசிய வாக்கெடுப்பில் பெரும்பான்மை சம்மதம் பெற்ற பின்பே செய்யலாம் என்று தீர்மானமாகவும், பின்னர் சட்டமாகவும் இயற்ற வேண்டும்.

குடியிருப்போர் எப்போதும் சரியாகவே தீர்மானிப்பார்கள் என்று நான் வாதிக்கவில்லை. அவர்களும் தவறுவார்கள், சிலர் இன்றைய லாபத்துக்காக நாளைய வீட்டை விற்கச் சொல்வார்கள், வேறு சிலர் எந்த மாற்றமும் வேண்டாம் என்று பழைய சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் இதுகாறும் அவர்களைக் கேளாமல் தீர்மானித்தவர்கள் செய்த பிழைகளுக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தால், பிழை செய்யும் உரிமையேனும் அவர்களுக்கு உண்டு என்பது விளங்கும். தேசத்துக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் தொழில் இது என்று இவ்வட்டாரத்தைப் பற்றிப் பெருமை பேசாத மந்திரி இல்லை. அந்தப் பெருமைக்கு உரிய தொழிலாளி யாசகம் கேட்கவில்லை. வாடகை கொடுக்கத் தயாராக இருக்கிறார். அவரிடம் அந்த வாடகையை வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு ரசீதையும், குடியிருப்பு விஷயத்தில் ஒரு வாக்கையும் கொடுக்கும் பொறுப்பை ஏற்க, பல்லடம் நகர்மன்றம் தன் அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும்.